அளந்தனர், வென்றனர்!

ஆறுகள் அனைத்தும் கடலிலே சென்று கலக்கின்றன, ஓயாமல் கலக்கின்றன. கடலோ நிரம்பி வழியக் காணோம். ஏன்?

இதயம் இமைப்பொழுதும் ஓய்வின்றித் துடித்துக் குருதியை வெளியே தள்ளுகிறது. உடல் வெடித்துவிடவில்லை, இதயமும் வற்றிவிடவில்லை. ஏன்?

முன்னது உலகையே வளைத்து நிற்கும் கேள்வி. பின்னது ஒரு சாண் நெஞ்சுக்குள் எழும் கேள்வி. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை போலத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரே கேள்விதான்: இடைவிடாது ஓடுவது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது? இரண்டு கேள்விகட்கும் ஐரோப்பாவிலே நெடுங்காலமாக விடைகள் இருந்தன. பேராசிரியர் பீடங்கள் அவற்றைப் போற்றின. கோயில் பீடங்கள் அவற்றுக்குக் காவல் நின்றன. அந்த விடைகள் பொய் என்று மெய்ப்பித்தது வாளன்று, வசைமொழியுமன்று, அளவுகோல். அந்த அளவுகோலின் வரலாற்றையே இங்கு நாம் கூற விழைகிறோம்.

வாயைக் கண்டார், வேகத்தை மறந்தார்

ரோமாபுரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களின் பெருமையை அறியாதார் இலர். கி.பி. 97ஆம் ஆண்டில் அந்த நீர்வழிகளுக்கெல்லாம் அதிகாரியாக அமர்த்தப்பட்டவர் ஃபிரான்டினஸ் என்பவர். நேர்மையாளர்; கணக்கிலே கண்ணுங் கருத்துமாக இருந்தவர். எந்தக் கால்வாயில் எவ்வளவு நீர் புகுகிறது, எவ்வளவு நகருக்குள் வழங்கப்படுகிறது என்று அளந்து, ஏட்டிலே பதிந்திருந்த கணக்கோடு ஒப்பிட்டார். கணக்கு பொருந்தவில்லை. திருடுகிறார்கள் என்று சினந்தார். திருட்டு நடந்தது உண்மை. குழாய்களில் களவாகத் துளையிட்டு நீர் விற்றவர்கள் இருந்தனர். ஆனால் கணக்குப் பொருந்தாமைக்குத் திருட்டு மட்டுமே காரணமன்று. அவர் அளந்தது குழாயின் வாயகலத்தை. குயினேரியா என்ற பெயரில் ரோமர் வைத்திருந்த அளவே, ஒரு குறிப்பிட்ட குழாய் வாயின் பரப்புத்தான். அந்த வாய் வழியே நீர் விரைந்து பாய்கிறதா, மெல்லத் தவழ்கிறதா என்பதற்கு அந்த அளவிலே இடமில்லை. வேகமாக வரும் நீர் மிகுதியாக வரும் என்பதை ஃபிரான்டினஸ் உணர்ந்திருந்தார். உணர்ந்ததை எண்ணாக்கும் வழிதான் அவரிடம் இல்லை.

ஒரு வாயிலின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, அதன் வழியே நாளொன்றுக்கு எத்தனை பேர் சென்றனர் என்று கூற முடியுமா? அத்தகைய தவறுதான் அது. இத்தனைக்கும், அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற அறிஞர், ஊற்றின் நீரை ஒரு தொட்டியிலே விழச்செய்து, நிழற்கடிகாரம் வைத்து, இவ்வளவு நேரத்தில் இவ்வளவு நீர் என்று காண வேண்டும் எனத் தெளிவாகவே எழுதி வைத்திருந்தார். ஏடு இருந்தது, எடுத்துப் பார்ப்பாரில்லை! இப்படியே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஓடின.

1628ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. ஓடும் நீரை அளப்பது எப்படி என்பது அதன் பொருள். எழுதியவர் பெனடெட்டோ காஸ்டெல்லி, கலிலியோவின் மாணவர். அவர் துறவி. போப்பாண்டவரின் பணியாளராக ஆற்றுநீர் வழக்கொன்றை ஆராயச் சென்றவர். ரெனோ ஆற்று நீரை எப்பக்கம் திருப்புவது என்பதில் பொலோனா நகரத்தாருக்கும் ஃபெராரா நகரத்தாருக்கும் பிணக்கு. வழக்கைத் தீர்க்க மறைநூலைப் புரட்டிப் பயனில்லை என்பதைத் துறவியே கண்டுகொண்டார். அவர் நிலைநாட்டிய விதி மிக எளியது: குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கு, கிடைப்பதே ஓட்டத்தின் அளவு. ஆறு ஒடுங்கும் இடத்தில் விரைகிறது. விரியும் இடத்தில் நிதானிக்கிறது. ஆனால் இடையிலே கிளையாறு வந்து சேராதவரை, பிரிந்து செல்லாதவரை, எந்த இடத்தில் அளந்தாலும் அளவு ஒன்றே. இன்று ஏரிக்கரையில் நிற்கும் பாசனப் பணியாளர் கன அடிக் கணக்கு எழுதும்போது, இந்த விதியைத்தான் கையாளுகிறார்.

அதே ஆண்டு, மற்றோர் ஏடு

அதே 1628இல், ஃபிராங்க்ஃபர்ட் நகரிலே மற்றொரு சிறு நூல் அச்சேறியது. ஆசிரியர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் மருத்துவர். கலிலியோ பாடம் சொல்லிக்கொண்டிருந்த பதுவா பல்கலைக் கழகத்திலேயே மருத்துவம் பயின்று, 1602இல் பட்டம் பெற்றவர். அவர் அளக்கத் துணிந்தது ஆற்றையன்று, குருதியை.

அந்நாள் மருத்துவ உலகிலே கேலன் சொன்னதே வேதம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கேலன் சொன்னது இது: உண்ட உணவிலிருந்து ஈரலிலே குருதி உண்டாகிறது, சிரைகளின் வழியே உடலெங்கும் பரவுகிறது, வயலிலே பாய்ந்த நீரைப் பயிர் உறிஞ்சிக்கொள்வது போல, உடல் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. நாள்தோறும் புதுக் குருதி, நாள்தோறும் செலவு. கேலன் மூடரல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. தமனிகளிலே இருப்பது காற்றன்று, குருதியே என்பதைச் சோதனை செய்து காட்டியவர் அவர். அவர் அறுத்துப் பார்த்து அறிந்தார்; அவருக்குப் பின் வந்தோர் அவர் ஏட்டைப் படித்து அமைந்தனர். குற்றம் கேலனுடையதன்று, கேலனோடு அறிவு முற்றுப்பெற்றுவிட்டது என்று கருதினார்களே, அவர்களுடையது!

ஐயுற்றவர்கள் இடையிடையே தோன்றினர். குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே சென்றுதான் இடப்புறத்தை அடைகிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் இப்னு அல் நஃபீஸ் என்ற அரபு மருத்துவர். அதே உண்மையை ஸ்பெயின் நாட்டு மைக்கேல் செர்வெட்டஸ் தமது சமய ஆராய்ச்சி நூலொன்றின் நடுவே எழுதினார். அந்த நூலிலே திரித்துவக் கொள்கையை மறுத்திருந்தார் என்பதற்காக, 1553இல் ஜெனீவா நகரிலே அவரை உயிரோடு கொளுத்தினர். குருதியைப் பற்றி எழுதியதற்காக அவர் எரிக்கப்படவில்லை. ஆனால் சமயத் தீ மூட்டியவர்கள், எரியும் ஏட்டிலே எந்தப் பக்கத்தில் என்ன உண்மை இருக்கிறது என்று புரட்டிப் பார்த்துவிட்டா மூட்டினார்கள்?

ஹார்வியின் கணக்கு

ஹார்வி செய்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கேலன் பெரியவரா, தாம் பெரியவரா என்று அவர் வாதிடவில்லை. ஓர் எளிய கேள்வி கேட்டார்: இதயம் ஒரு துடிப்பிலே எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது?

இறந்தவர் ஒருவரின் இதயத்து இடப்புற அறையிலே இரண்டு அவுன்சுக்கு மேலேயே குருதி கண்டார் அவர். முழுவதும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்று அவர் சொல்லவில்லை. அரை அவுன்ஸ் மட்டும் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம் என்றார். அதுவும் மிகுதி என்பீரா? ஒரு டிராம், அதாவது அவுன்சில் எட்டில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. சிலருக்கு இரண்டாயிரம், மூவாயிரம். ஆயிரம் என்றே கொள்வோம். எதிர்ப்போர் விரும்பிய அளவுக்குக் குறைத்தாயிற்று. இனிப் பெருக்குங்கள் என்றார்.

அரை அவுன்ஸ் எனில், அரை மணி நேரத்தில் 500 அவுன்ஸ். ஒரு டிராம் எனில் 125 அவுன்ஸ். மிகக் குறைந்த இந்த இரண்டாவது கணக்கையே நாம் ஒரு நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால் 6,000 அவுன்ஸ் வருகிறது. இன்றைய எடையில் ஏறத்தாழ 187 கிலோ. இரண்டு ஆட்களின் எடைக்கும் மேல்! இவ்வளவு குருதியை நாள்தோறும் ஈரல் புதிதாக ஆக்குகிறதென்றால், அந்த மனிதன் உண்ணும் உணவு எத்தனை மூட்டை? உடல் அதனை நாள்தோறும் உறிஞ்சுகிறதென்றால், அவன் மாலைக்குள் மலையாக வளர வேண்டாமா? வளரவில்லை. ஆகவே, புதுக் குருதி வந்துகொண்டே இருக்கவில்லை. போன குருதியே திரும்பி வருகிறது. வட்டமாகச் சுழல்கிறது.

இந்த முடிவைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு சான்றும் தந்தார். அதற்குக் கத்தி வேண்டாம், கல்லூரி வேண்டாம். முழங்கைக்கு மேலே துணியால் ஓரளவு இறுகக் கட்டினால், கீழே சிரைகள் புடைத்தெழும். அவற்றிலே ஆங்காங்கே முடிச்சுகள் தெரியும். அவை தடுக்கிதழ்கள், ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603இல் விளக்கி எழுதியவை. ஒரு முடிச்சின் மேலிருக்கும் குருதியை விரலால் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள், முடிச்சைத் தாண்டாது. இதயத்தை நோக்கி மட்டுமே வழி விடும் கதவு அது. ஆசிரியர் கதவைக் கண்டார். அது எப்பக்கம் திறக்கிறது என்பதன் பொருளை மாணவர் கண்டார்.

பலன்? ஹார்வியிடம் வந்த நோயாளிகள் குறைந்தனர் என்றும், அறிவு பிறழ்ந்தவர் என்று பாமரர் பேசிக்கொண்டனர் என்றும் அவரை அறிந்த ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ரியோலான் கேலன் கொடியை இறக்க மறுத்தார். 1673ஆம் ஆண்டிலே கூட, குருதிச் சுழற்சியை எதிர்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய ஓர் இளம் மருத்துவனை நாடக மேடையிலே கொண்டுவந்து நிறுத்தி, மக்கள் சிரிக்கச் சிரிக்கத் தோலுரித்தார் மோலியேர். பீடத்தால் முடியாததை மேடை செய்தது! தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்புழைகளை ஹார்வி கடைசிவரை கண்டாரில்லை. அவர் 1657இல் மறைந்தார். 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலிலே, நுண்ணோக்காடியின் வழியே அவற்றைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று கணக்குக் காட்டிற்று. பின்னர் கண்ணும் கண்டது.

வானமே ஆற்றின் தாய்

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து என்று இன்று பள்ளிப் பிள்ளை கூறும். அன்று பண்டிதர்கள் கூறவில்லை. கடல்நீர் நிலத்தடிச் சுரங்கங்களின் வழியே மலைகளுக்குச் சென்று, உப்பை இழந்து, ஊற்றாகப் பீறிடுகிறது என்றனர். ஆறுகள் தாம் வந்த இடத்துக்கே திரும்புகின்றன என்ற விவிலிய வாசகம் இதற்குத் துணையாக நின்றது. 1665இல் கூட, கிர்ச்சர் என்ற ஏசு சபைப் பாதிரியார் பூமிக்குள்ளே பெரும் நீர்க்கிடங்குகளைப் படமாகவே வரைந்து வெளியிட்டார். இவ்வளவு பெரிய ஆறுகளை நிரப்ப மழை போதாது என்பதே அவர்கள் அனைவரின் எண்ணம். போதாது என்றார்களே, அளந்தார்களா? இல்லை!

1580இலேயே மழைதான் காரணம் என்று ஒருவர் உரக்கக் கூறினார். அவர் பெர்னார் பாலிசி, மண்பாண்டம் வனைந்தவர். இலத்தீனும் கிரேக்கமும் தமக்குத் தெரியா என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தம் கண்ணால் கண்டதைத் தாய்மொழியான பிரெஞ்சிலே எழுதியவர். சமயக் கொள்கைக்காகச் சிறைப்பட்டு, முதிய வயதிலே பஸ்தில் சிறையிலேயே மாண்டார். குயவர் சொல் கூடத்தில் ஏறவில்லை.

ஏறச்செய்தது கணக்கு. 1674இல் பியர் பெரோ என்பவர், பெயர் போடாமலே ஒரு நூல் வெளியிட்டார். அரசாங்க வரித் துறையிலே வேலையிழந்தவர் அவர். சிண்டரெல்லாக் கதையை எழுதிய சார்ல் பெரோவின் உடன்பிறந்தார். தம்பி கட்டுக்கதை சொல்லிக் குழந்தைகளை மகிழ்வித்தார். அண்ணன் பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்த கட்டுக்கதையை உடைத்தார்! சீன் ஆறு தோன்றும் இடத்திலிருந்து சிறிது தொலைவு வரையுள்ள நிலப்பரப்பை, மூன்று காத நீளம் இரண்டு காத அகலம் எனக் கொண்டார். மூன்றாண்டு மழையை அளந்து, ஆண்டுக்குச் சராசரி 19 பிரெஞ்சு அங்குலத்துக்குச் சற்று மிகுதி என்று கண்டார். பெருக்கினார். அங்கு பெய்யும் மழை, ஆற்றிலே ஓடும் நீரைப் போல ஆறு மடங்கு! மழை போதாது என்று நூற்றாண்டுகளாகச் சாதித்தார்கள்; ஆறில் ஒரு பங்கே போதுமானதாயிருந்தது. மழைநீர் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை என்று பெரோ தவறாகவே நம்பினார் என்பதும் உண்மை. அவர் நம்பிக்கை தவறிற்று. அவர் எண் நின்றது.

மீதிப் பாதியை முடித்தவர் எட்மண்ட் ஹாலி. வால்மீனுக்குப் பெயர் தந்தவர். ஒரு சிறு தட்டிலே கடலளவு உப்பிட்ட நீரை வைத்து, கோடை வெப்பத்துக்குச் சூடாக்கி, எடை குறைவதைத் தராசிலே கண்டார். அந்தத் தட்டிலிருந்து மத்தியதரைக் கடலுக்குத் தாவினார்! பகலொன்றுக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியாகுமெனில், அந்தக் கடல் முழுவதிலிருந்தும் நாளொன்றுக்கு 528 கோடி டன் நீர் மேலெழும் என்று 1687இல் அறிவித்தார். ஆறுகள் கொண்டுவருவது எவ்வளவு? தேம்ஸ் ஆற்றின் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் கொண்டு நாளுக்கு 2 கோடியே 3 லட்சம் டன் என்றார். நைல், டான்யூப், ரோன், போ முதலான ஒன்பது பேராறுகளுக்கும் தலைக்குப் பத்துத் தேம்ஸ் என்று தாராளமாகக் கொடுத்தார். கூட்டினால் 182 கோடியே 70 லட்சம் டன். வரவைவிடச் செலவு ஏறத்தாழ மூன்று மடங்கு. கடல் ஏன் நிரம்பவில்லை என்ற கேள்வி தலைகீழாயிற்று; மத்தியதரைக் கடல் ஏன் வற்றவில்லை என்றல்லவா கேட்க வேண்டும்! அட்லாண்டிக் பெருங்கடல் நீர் ஜிப்ரால்டர் வழியே உள்ளே பாய்ந்து அக்குறையை நிரப்புகிறது என்பதே விடை.

தவறான எண்கள், சரியான முடிவு

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: "இவர்களுடைய எண்கள் சரிதானா?" சரியல்ல. மறைக்காமல் கூறுகிறோம். மனித இதயம் ஒரு துடிப்பிலே ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளுக்கு 7,000 லிட்டருக்கும் மேல். ஹார்வியின் குறைந்தபட்சக் கணக்கோ இதில் நாற்பதில் ஒரு பங்குதான். ஹாலி தேம்சுக்குக் கொடுத்த அளவு, இன்று அறியப்பட்ட சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

பின் எப்படி வென்றனர்? அவர்கள் தவறிய திசையைப் பாருங்கள். ஹார்விக்குத் தேவை பெரிய எண். அவர் வேண்டுமென்றே சிறிய எண்ணை எடுத்தார். ஹாலிக்குத் தேவை ஆற்றுநீர் குறைவாக இருப்பது. அவர் வேண்டுமென்றே அதை மிகுத்துக் கொடுத்தார். தமக்குப் பாதகமான எண்ணை எதிரியின் கையிலே தாமே கொடுத்துவிட்டு, அதன் பிறகும் வென்றனர். அத்தகைய வெற்றியை எந்தப் பண்டிதரும் பறிக்க முடியாது. பிழை வெளிப்பட வெளிப்பட, முடிவு மேலும் உறுதியாகுமே தவிர ஆட்டங்காணாது. மேடையேறும் இளைஞர்கள் நெஞ்சிலே பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. நம் கட்சிக்கு இனிக்கும் எண்ணை எடுத்து வீசினால் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் ஒருவன் அந்த எண்ணை உடைத்தால், கைதட்டலோடு கொள்கையும் போகும். கசக்கும் எண்ணைக் கொண்டே வாதத்தை நிறுத்துவோமானால், உடைப்பதற்கு எதிரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

துளி முதல் பெருங்கடல் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்தக் கலை மேலும் கூர்மை பெற்றது. குருதியோட்டத்தை ஆராயப் புகுந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களிலே நீரை ஓடவிட்டு, குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது என்று 1840களில் நிலைநாட்டினார். 1883இல் மான்செஸ்டர் நகரத்து ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயிலே சாயமிட்ட நீரிழையை ஓடவிட்டு, அது எப்போது நேர்கோடாகச் செல்கிறது, எப்போது கலங்கிச் சிதறுகிறது என்று கண்டார். வேகம், விட்டம், நீர்மத்தின் பிசுக்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பெறும் ஒரே எண் அதனை முடிவு செய்கிறது. நுண்புழையிலே அந்த எண் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அமேசான் ஆற்றிலே பல கோடி. ஒன்றிலே குருதி அமைதியாக ஊர்கிறது. மற்றொன்றிலே வெள்ளம் சுழித்துக் கொந்தளிக்கிறது. விதி ஒன்றே.

காஸ்டெல்லியின் விதியும் அவ்வாறே. இதயத்தை விட்டுப் புறப்படும் பெருந்தமனியிலே குருதி வினாடிக்குச் சராசரி 20 சென்டிமீட்டருக்கு மேல் செல்கிறது. நுண்புழையிலே அரை மில்லிமீட்டர் அளவே. நுண்புழை ஒவ்வொன்றும் குறுகியது. ஆனால் அவை அனைத்தின் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியைப் போலப் பன்னூறு மடங்கு. ஆறு விரியும் இடத்தில் நிதானிக்கிறது என்று துறவி சொன்னது நம் விரல்நுனியிலும் நடக்கிறது.

நாம் செய்தித்தாளிலே காணும் கன அடிக் கணக்கிலே சொன்னால், 340 இதயங்கள் சேர்ந்து வினாடிக்கு ஒரு கன அடி. அமேசான் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர். அதாவது 70 லட்சம் கன அடி. உலகத்து ஆறுகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 12 லட்சம் கன மீட்டர். ஃபுளோரிடா நீரிணையிலே பாயும் வளைகுடா நீரோட்டம் ஒன்று மட்டும் 3 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகளின் கூட்டுத்தொகையைப் போல இருபத்தைந்து மடங்கு! இதற்குக் கன அடி போதாது என்று, நார்வே நாட்டுக் கடலாய்வாளர் ஸ்வெர்ட்ரப்பின் பெயரால் 10 லட்சம் கன மீட்டரை ஓர் அலகாகவே வைத்துக்கொண்டனர்.

இவ்வளவு பெரிய எண்களின் முன்னே மனித இதயம் எம்மாத்திரம் என்று தோன்றுகிறதா? அதையும் அளந்தே பார்த்துவிடுவோம். 240 கோடி இதயங்கள் சேர்ந்தால் ஓர் அமேசான். இன்று உலகிலே வாழும் மக்கள் 800 கோடிக்கும் மேல். குழந்தைகளின் சிற்றிதயங்களுக்காகத் தாராளமாகவே கழித்துக்கொள்வோம்; ஹார்வி காட்டிய வழியிலே, நமக்குப் பாதகமாகவே கணக்கிடுவோம். அப்போதும் மனித குலத்தின் நெஞ்சிலே ஓடும் குருதி, இரண்டு அமேசான் ஆறுகளுக்குக் குறையாது.

முதலாம் சார்லசுக்குத் தம் நூலைக் காணிக்கையாக்கியபோது, நாட்டுக்கு அரசனே இதயம் என்று ஹார்வி எழுதினார். அது அந்நாளைய வழக்கு. ஆனால் அவருடைய கணக்கிலே அரசனின் இதயம், ஆண்டியின் இதயம் என்ற பிரிவினை இல்லை. இரண்டவுன்ஸ் என்றால் இருவருக்கும் இரண்டவுன்ஸ்தான். காணிக்கை மறந்துபோயிற்று. கணக்கு நிற்கிறது.